வாசகர் கேள்வி பதில்: கேரள யூதர்களின் அருங்காட்சியகங்கள்

கொச்சி வட்டாரத்து யூத வழிபாட்டுக் கூடங்களைப் பற்றியும், அவற்றில் இரண்டில் இப்போது இயங்கும் அருங்காட்சியகங்களைப் பற்றியும் வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

மட்டாஞ்சேரி யூதர் கோயிலை மட்டும் பார்த்திருக்கிறோம். யூத வரலாற்றுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறதாமே? எங்கே, எந்த நாளில் போவது?
(நாகர்கோவில் வாசகர்)

இரண்டு இருக்கின்றன. இரண்டுமே கேரள அரசின் முசிறிஸ் மரபுத் திட்டத்தில் சேர்ந்தவை, இரண்டுமே பழைய சினகாக் (யூத வழிபாட்டுக் கூட) கட்டடங்கள். வட பறவூரில் இருப்பது கேரள யூதர் வரலாற்று அருங்காட்சியகம். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் சேந்தமங்கலத்தில் இருப்பது கேரள யூதர் வாழ்க்கைமுறை அருங்காட்சியகம். மட்டாஞ்சேரியில் நீங்கள் பார்த்த பரதேசி சினகாக் அருங்காட்சியகம் அல்ல. 1568-ல் கட்டிய வழிபாட்டுக் கூடம் அது, இன்றும் அப்படியேதான் அதை வைத்திருக்கிறார்கள்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொல்லம் மாவட்டத்தில் 'பறவூர்' என்றே ஒரு ரயில் நிலையம் வழியில் வரும். அது வேறு ஊர். நீங்கள் ஆலுவாயில் இறங்கி, சாலை வழியாக வட பறவூருக்குப் போக வேண்டும். எர்ணாகுளத்திலிருந்தும் பேருந்துகள் நிறைய. கைபேசி வரைபடத்தில் வெறுமனே 'சேந்தமங்கலம்' என்று தேடினால் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தைக் காட்டவும் கூடும், பெயரோடு எர்ணாகுளத்தையும் சேர்த்துத் தேடுங்கள். பறவூரில் இறங்கிய பின் 'சினகாக்' என்று கேட்பதைவிட 'ஜூதப்பள்ளி' என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிக்காமல் கொண்டுபோய் விடுவார்.

நாள் விஷயத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் திங்கள் விடுமுறை. மட்டாஞ்சேரி சினகாக் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளருக்கு மூடியிருக்கும், நடுப்பகலிலும் மூடுவார்கள். அதற்குப் பக்கத்துச் சுவரான மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஆகவே வார இறுதியில் வருகிறவர்கள் சனிக்கிழமை பறவூர், சேந்தமங்கலம் என்றும், ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டாஞ்சேரி என்றும் வைத்துக்கொண்டால் எதுவும் தவறாது. வரிசையை மாற்றினால் சனியன்று பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டு தொடங்கிப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அந்தச் சமயத்தில் போவதாக இருந்தால் மட்டாஞ்சேரி திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பறவூருக்குப் போய் வந்தோம். பெரிய கூடம், சில படங்கள், பலகைகள். அவ்வளவுதானே என்று தோன்றியது. எதைப் பார்க்க வேண்டும்?
(திருச்சி வாசகி)

பலகைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அங்கே முதல் காட்சிப்பொருள் கட்டடம்தான். அதைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

யூதத் தெருவின் முகப்பில் இரட்டைத் தூண்கள் நிற்கின்றன. குடியிருப்பும் சந்தையும் அங்கிருந்து தொடங்கின. சினகாக்குக்கு வந்தால் முதலில் இரண்டு மாடி வாயில்வீடு. நம்பூதிரி இல்லங்களிலும் கோயில்களிலும் இருக்கும் படிப்புரைதான் இதுவும். அதைத் தாண்டி முற்றம், பிறகு தூண்கள் தாங்கிய நீண்ட நடை, பிறகு 'அஸாரா' எனப்படும் முன்னறை, கடைசியில்தான் வழிபாட்டுக் கூடம். எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். கேரள யூதக் கூடங்களில் இந்த அடுக்கு முழுமையாக எஞ்சியிருப்பது பறவூரில்தான். பலர் நேராகக் கூடத்துக்குள் போய்ப் படமெடுத்துத் திரும்பிவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை.

கூடத்தின் நடுவே வளைந்த கம்பிகளுக்குள் ஒரு மேடை. அதன் பெயர் 'தேபா'. யூத வேதமான தோராவின் சுருளை அதில் வைத்து வாசிப்பார்கள். மேற்குச் சுவரில் சுருள்களை வைக்கும் செதுக்கிய மரப்பேழை, 'ஹேகால்'. கேரளத்திலிருந்து ஜெருசலேம் மேற்கே இருப்பதால் பேழையும் மேற்கில். மேலே பார்த்தால் மரக்கூரையில் தாமரைகள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கிறிஸ்தவத் தேவாலயத்துக்கும் வேலை செய்த ஊர் ஆசாரிகளின் கைவேலைதான் இதுவும்.

இனி மாடிக்கு ஏறுங்கள், அதைத் தவறவிட்டால் பாதி போச்சு. கூடத்தின் கிழக்கு ஓரத்தில் மாடத்தின் மேல் இரண்டாவது தேபா இருக்கும். அதற்கு நேர் பின்னால் மரச்சட்டத் தட்டி, தட்டிக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடம். வாராந்திர ஓய்வு நாளான சப்பாத்திலும் பண்டிகை நாளிலும் வாசிப்பு மாடித் தேபாவில் நடக்கும், மற்ற நாட்களில் கீழே. உலகின் மற்ற சினகாக்குகளில் வாசிப்பு மேடை ஒன்றுதான். மாடியில் இரண்டாவது வைப்பது கேரளத்தின் தனி வழக்கம். விளைவைக் கவனியுங்கள்: முக்கியமான நாட்களில் வாசிப்பவர் பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார், ஆண்கள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். பெண்களுக்குத் தனிப் படிக்கட்டும் உண்டு. ஆணும் பெண்ணும் எங்கே சந்திக்காமல் வந்து போனார்கள் என்பதை அந்த இரண்டு படிக்கட்டுகளில் ஏறி இறங்கினாலே புரிந்துகொள்ளலாம்.

முற்றம் ஏன் அத்தனை பெரிது என்பதற்கும் காரணம் உண்டு. தோராப் பண்டிகையின்போது சுருள்களை வெளியே எடுத்துக் கட்டடத்தைச் சுற்றி வருவார்கள். பல அடுக்காக எண்ணெய் விளக்குகள் எரியும் 'மனாரா' என்ற பெரிய விளக்குத்தண்டும் அந்த நாளுக்கு உரியது. பிரகாரம் சுற்றிப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அங்கிருக்கும் பொருட்களில் எது அசல், எது நகல்? வழிகாட்டி எல்லாமே நானூறு வருடம் என்கிறார்.
(கோவை வாசகர்)

அப்படிச் சொல்வது சரியல்ல. கேரள யூதர்களின் பொருட்கள் இன்று பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. எது எங்கே என்று தெரிந்துகொண்டு போனால்தான் பார்ப்பதற்குப் பொருள் இருக்கும்.

பறவூரில் சுவர், மரவேலையின் பெரும்பகுதி, அமைப்பு எல்லாம் பழையவை. ஆனால் பேழை நகல். அசல் பேழை ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அது நிற்பதும் இன்னொரு கேரள சினகாக்குக்குள். மட்டாஞ்சேரியில் 1544 வாக்கில் எழுந்த கடவும்பாகம் சினகாக்கின் செதுக்கிய உட்கூரையையும் மரவேலைகளையும் வாங்கிக்கொண்டுபோய், 1990-களில் அங்கே ஒரு கூடமாகவே மறுபடி கோத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் எஞ்சிய வெறும் கட்டடம் 2019 மழையில் பாதி இடிந்து விழுந்தது. 'கொண்டுபோயிருக்கக் கூடாது' என்று வாதாடுகிறவர்களுக்கு அந்த இடிபாடுதான் சங்கடம்.

சேந்தமங்கலத்தில் முற்றத்தில் நிற்கும் கல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். 'சாரா பத் இஸ்ராயேல்', இஸ்ராயேலின் மகள் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுகளில் இதுவே பழையது என்பார்கள். கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவந்ததாக மரபு. கட்டடத்தைவிட மூன்று நூற்றாண்டுக்கும் மேல் மூத்த கல் அது. ஆனால் அதன் மேல் சாய்ந்து நின்று படமெடுப்பவர்களே அதிகம்.

தோராச் சுருள்களை, மலபாரி யூதர்கள் எனப்படும் பழைய குடியினர் இஸ்ரேலுக்குப் போகும்போது உடன் எடுத்துப் போய்விட்டார்கள். வெறும் பேழையைக் கண்டு ஏமாறாதீர்கள். ஒரு சமூகம் ஊரைக் காலி செய்யும்போது முதலில் எடுப்பது அதைத்தான்.

நகலைக் கண்ணால் அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்க்கலாம். வண்ணம் பெயர்ந்த ஓரத்தில் பல அடுக்கு நிறம் தெரிந்தால் பழையது, ஒரே அடுக்கு என்றால் புதியது. மரத்தின் மறைவான பக்கத்தில் வாய்ச்சியின் ஒழுங்கற்ற வெட்டுகள் இருந்தால் பழைய கைவேலை, இயந்திரம் இழைத்த சீரான பரப்பு என்றால் புதியது. இணைப்பில் மரஆணியா, திருகாணியா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம், பழைய மரத்தைப் பழுதுபார்த்தவர்களும் திருகாணி போட்டிருப்பார்கள்.

கேரள யூதர்களுக்கு அரசர் தந்த செப்பேட்டைத் தமிழ் தெரிந்தவர் படிக்க முடியுமா? அதில் என்ன இருக்கிறது?
(மதுரை வாசகர்)

எழுத்தைப் படிக்க வட்டெழுத்துத் தெரிய வேண்டும். யாராவது எழுத்துப் பெயர்த்துத் தந்துவிட்டால், கல்வெட்டுத் தமிழ் பழகியவருக்கு முக்கால்வாசி புரியும். மூலம் மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்கின் பாதுகாப்பில் இருக்கிறது, எல்லா நாளும் பார்வைக்கு வைப்பதில்லை. இதன் நகலைத்தான் 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாகத் தந்தார்.

சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்பவருக்குக் கொடுத்தது. அதாவது ஜோசப் ரப்பான். முயிரிக்கோடு நம் சங்கப் பாடல்களின் முசிறி வட்டாரம்தான். பகலில் விளக்கு, நடக்கும்போது விரிக்கப் பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம் எனும் ஊதுகொம்பு, தோரணம், தோரண விதானம் உள்ளிட்ட எழுபத்திரண்டு 'வீடுபேறு' தரப்படுகிறது. வீடுபேறு என்றதும் மோட்சம் என்று எண்ண வேண்டாம், இங்கே உரிமை என்று பொருள். இதெல்லாம் பிரபுக்களுக்குரிய மரியாதைகள். காசு விஷயம் அடுத்து வருகிறது: உல்கும் துலாக்கூலியும் விடப்படுகின்றன. சுங்கமும், சரக்கை எடைபோடும் கூலியும் அவருக்குக் கிடையாது. வியாபாரிக்குக் குடையும் காகளமும் ஊரில் மதிப்பு, எடைக்கூலி தள்ளுபடிதான் லாபம். மகன், மகள், மருமகன் வழியாக உலகும் சந்திரனும் உள்ள அளவும் இந்த உரிமை தொடர வேண்டும் என்று செப்பேடு முடிகிறது. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாட்டுத் தலைவர்கள் சாட்சி.

காலத்தைப் பற்றிப் பழைய கதைகள் உலவுகின்றன. கி.பி. 379 என்று சமூக மரபு சொல்லும், சில பலகைகளிலும் அதைக் காணலாம். செப்பேட்டிலேயே 'இரண்டாம் ஆண்டின் எதிர் முப்பத்தாறாம் ஆண்டு' என்று ஆட்சியாண்டு இருக்கிறது. பாண்டியர் கல்வெட்டு படித்தவர்களுக்கு இந்தக் கணக்குப் பழக்கம்: 2-ஐயும் 36-ஐயும் கூட்டினால் 38. பாஸ்கர ரவி 962-ல் பட்டத்துக்கு வந்தவர் என்பதால் ஆண்டு 1000 ஆகிறது. எழுத்தின் வடிவமும் அந்தக் காலத்துக்கே பொருந்துகிறது.

அதற்கு முந்தைய உறுதியான சான்று கேட்டால், கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849. அதில் சாட்சிகள் சிலர் ஹீப்ரு எழுத்தில் பாரசீக மொழியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சாலமன் காலத்திலேயே வந்தார்கள், ஜெருசலேம் கோயில் இடிந்தபின் வந்தார்கள் என்பவை மரபுக் கதைகள். மரபு என்று சொல்லிச் சொன்னால் தவறில்லை.

வட்டெழுத்தைத் தாமாகப் படிக்க முயல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புள்ளி இருக்காது, ப, வ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வடசொல் வரும் இடத்தில் கிரந்த எழுத்து நுழையும். சொல்லை ஊகித்துவிட்டு எழுத்தைப் பொருத்தினால் வேறு கதை பிறந்துவிடும்.

கல்லறைக் கற்களில் ஆண்டை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதியிருக்கிறார்களே, அதைக் கண்டுபிடிப்பது எப்படி?
(சென்னை மாணவி)

ஹீப்ரு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு. முதல் ஒன்பது எழுத்து 1 முதல் 9. யோத் 10, காஃப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, சாமெக் 60, அயின் 70, பே 80, த்ஸாதே 90, கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. கல்லில் எழுத்தின் தலைமேல் சிறு கோடோ புள்ளியோ இருந்தால் அது எண். வலமிருந்து இடமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

ஆயிரங்களைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். ஆகவே கிடைத்த எண்ணோடு 1240-ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு வந்துவிடும். பறவூர் சினகாக்கின் ஆண்டு ஷின், அயின், வாவ். 300, 70, 6 சேர்த்து 376. 1240 கூட்டினால் 1616. பரதேசி சினகாக் ஷின், காஃப், ஹெத் என்றால் 328, அதாவது 1568. 1740-க்குப் பிந்திய கற்களில் 500 தேவைப்படும். அதற்குத் தனி எழுத்தில்லை என்பதால் தாவ், கோஃப் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள்.

பிசகும் இடங்கள் இவை. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் பிறக்கும். மாதம் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றிருந்தால் கிடைத்த ஆண்டில் ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த கல்லில் தாலெத்தும் ரேஷும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்று 4, மற்றது 200. ஹே, ஹெத், தாவ் மூன்றும் அப்படியே: 5, 8, 400. விடை நம்பமுடியாத ஆண்டாக வந்தால் முதலில் இவற்றை மாற்றிப் பாருங்கள். 15, 16 இரண்டையும் 10-ஐ வைத்து எழுதினால் இறைவன் பெயர் வந்துவிடும் என்பதால் 9-ம் 6-ம், 9-ம் 7-ம் என்று எழுதுவது வழக்கம். சில கற்களில் ஒரு வேதவசனத்தையே எழுதி, புள்ளி வைத்த எழுத்துகளை மட்டும் கூட்டச் சொல்வார்கள். அங்கே எல்லா எழுத்தையும் கூட்டினால் ஆண்டு எங்கேயோ போய்விடும்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பையோ மாவையோ தேய்க்காதீர்கள். செம்புரைக்கல்லிலும் கருங்கல்லிலும் அது உள்ளே இறங்கிவிடும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, அல்லது கைவிளக்கைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் பிடித்துப் படமெடுத்தால் போதும்.

கறுப்பு யூதர், வெள்ளை யூதர் என்று பிரிவு இருந்ததாமே? யூதர்களுக்குள்ளேயே தீண்டாமையா?
(ஈரோடு வாசகர்)

இருந்தது. பழைய குடியினர் தங்களை மலபாரி யூதர் என்றார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள் பரதேசி யூதர். கேரளத்தில் இருந்த எட்டு சினகாக்குகளில் ஏழு மலபாரிகளுடையவை, ஒன்று பரதேசிகளுடையது. சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதோ அந்த ஒன்றைத்தான். தலைவர்களுக்குக் கொச்சி அரசர் 'முதலியார்' பட்டம் தந்தார். பறவூர் சினகாக்கைக் கட்டியவர் பெயரே தாவீத் யாக்கோவ் காஸ்தியேல் முதலியார்.

இவர்களுக்கும் கீழே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று ஒரு பிரிவை வைத்திருந்தார்கள். பரதேசி சினகாக்கில் அவர்களுக்குப் பெஞ்சில் இடமில்லை. முன்னறையில் தரையில் உட்கார வேண்டும், தோரா வாசிக்க அழைப்பும் இல்லை. அந்தப் பிரிவில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்துத் திரும்பிய ஏ.பி. சேலம் (1882–1967) இதை எதிர்த்துச் சினகாக்குக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். கொச்சி சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வதுண்டு. தடைகள் படிப்படியாக விலகின. மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் தரையில் பதித்த சீன ஓட்டைக் குனிந்து பார்ப்பதற்கு முன், அந்த முன்னறையில் சற்று நின்று பாருங்கள்.

சீன ஓடு என்றதும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் வணிகர் எசக்கியேல் ரஹபி வரவழைத்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கையால் தீட்டியதால் கோடு மாறும் என்பது சரி. ஆனால் உற்றுப் பார்த்தால் அதே சில காட்சிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவரே 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டில் முகப்புக்கு முகப்பு எண்கள் மாறுவதையும் பாருங்கள்: ஹீப்ரு, ரோமன், மலையாளம்.

யாரும் துரத்தவில்லை என்றால் ஏன் எல்லோரும் போனார்கள்?
(சேலம் வாசகி)

துரத்தப்படவில்லை என்பது உண்மை. கேரளத்தில் யூதர்களைத் தாக்கியவர்கள் போர்த்துக்கீசியர்கள். பரதேசி சினகாக்குக்கு 1662-ல் நேர்ந்த சேதம் அவர்களால்தான், டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபின் அதைச் சீர்செய்தார்கள். 1950-களின் போக்கு வேறு. இஸ்ரேல் உருவானது சமய நம்பிக்கையின் நிறைவேற்றமாகத் தெரிந்தது. வியாபாரமும் முன்போல இல்லை. இளையவர்களுக்கு மணமக்கள் கிடைப்பதும் சிக்கல். 1953 முதல் 1955 வரையிலான ஆண்டுகளில் பெரும்பான்மையினர் கிளம்பிவிட்டார்கள், மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேல். அதற்கு முன்பே போயிருப்பார்கள், ஆனால் தடை ஒன்று இருந்தது. கொச்சியின் யானைக்கால் நோய் தங்கள் நாட்டில் பரவிவிடும் என்று இஸ்ரேல் அதிகாரிகள் பயந்து தாமதப்படுத்தினார்கள். நெவாதிம், மெசிலாத் சியோன், தாஓஸ், அவியேசர், கிஃபார் யுவால் என்ற வேளாண் குடியிருப்புகளில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். மிளகு வியாபாரம் பார்த்தவர்கள் பாலைவன ஓரத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். நெவாதிமில் அவர்கள் தாங்களே ஒரு மரபு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சினகாக்கில் முழு வழிபாடு நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். ஓர் ஊரில் நூறு பேர் போய் ஒன்பது பேர் மிஞ்சினாலும் கூடம் மூட வேண்டியதுதான். மாளா ஊர் யூதர்கள் 1955-ல் தங்கள் கூடத்தைப் பஞ்சாயத்திடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கட்டடங்களின் சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் ஒரே வருடத்தில் சரியாகிவிடாதா?
(காரைக்குடி வாசகர்)

ஒரு வருடம் நன்றாக இருக்கும். பிறகு சுவரே கூடவரும்.

இவை செம்புரைக்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை. கல் நுண்துளைகள் நிறைந்தது, மழைக்காலத்தில் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தேங்கும், அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி உப்பும். கடைசியில் சிமெண்ட் பாளமாகப் பெயரும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். உப்பங்கழிக் காற்று வீசும் பறவூரில் இது இன்னும் விரைவு.

சரியான முறை பொறுமையைக் கேட்கும். முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும்: உடைந்த ஓடு, அடைத்த வடிகால், சுவரோரம் உயர்ந்துவிட்ட மண். பழைய சிமெண்ட் பூச்சு இருந்தால் கையால் செதுக்கி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிக் குறைந்தது சில வாரம் நீரில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான், செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த உங்களுக்குத் தெரியாததில்லை. சுவரை நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிட வேண்டும். ஒரேயடியாகக் கனமாகப் பூசினால் வெடிக்கும். மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடித்தால் இத்தனை வேலையும் வீண். வெள்ளையடிப்பு மட்டும்தான்.

செருப்பு, உடை, புகைப்படம் பற்றி விதிகள் உண்டா?
(புதுச்சேரி வாசகி)

மட்டாஞ்சேரியில் செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. பேழையின் திரையைத் தொடாதீர்கள். பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் கெடுபிடி குறைவு, ஆனாலும் வாசலில் கேட்டுவிட்டுப் படமெடுங்கள்.

தமிழ்நாட்டில் யூதர்களின் தடம் ஏதும் இல்லையா?
(சென்னை வாசகர்)

உண்டு, ஆனால் அது வேறு கதை. 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய வழி யூதர்கள் லண்டனிலிருந்து சென்னைப்பட்டினம் வந்து, பவளத்தைக் கொடுத்து கோல்கொண்டா வைரம் வாங்கினார்கள். 1688-ல் மெட்ராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில் (மூத்த உறுப்பினர்களில்) யூத வணிகர்களும் இருந்தார்கள். மிண்ட் தெருப் பக்கம் இருந்த அவர்களின் கல்லறைக் கற்கள் பின்னர் லாயிட்ஸ் சாலைக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. கொச்சிச் சமூகத்தோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மட்டாஞ்சேரிக் கடைகளில் 'யூதர் வீட்டு விளக்கு', தோல் சுருள் என்றெல்லாம் விற்கிறார்கள். வாங்கலாமா?
(துபாயிலிருந்து ஒரு வாசகர்)

அலங்காரப் பொருளாக, அந்த விலைக்கு வாங்கலாம். யூதர் வீட்டுப் பொருள் என்ற நம்பிக்கையில் கூடுதல் விலை தராதீர்கள். அந்தக் கடைகளில் கேரளம் முழுவதிலிருந்தும் வாங்கிய சாமான்களும், பழையதுபோல் செய்த புதியவையும் கலந்தே இருக்கும். நிஜமான தோராச் சுருளைச் சமூகம் கடைக்குக் கொடுக்காது. ஓர் எழுத்துப் பழுதானாலும் திருத்தும்வரை அது வாசிக்கத் தகாதது, திருத்த முடியாமல் போனால் கல்லறை நிலத்தில் புதைப்பதுதான் முறை. கடையில் கிடைக்கும் சுருள் நகலாகவோ, திருடியதாகவோதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளையும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள கையெழுத்துப் படியையும் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கடைக்காரர் எழுதித் தரும் ரசீது விமான நிலையத்தில் செல்லாது. புதிய பொருள்தான் என்றாலும் பழையது போலத் தோன்றினால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு நாள் பிடிக்கும், விமானத்துக்கு முந்தின நாள் வாங்கிவிட்டு ஓட முடியாது.